வட்டக்கச்சியிலே ஒரு சவாரி நாள்

நமது கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன், ஒரு வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் மேசையருகே வந்து நின்று, "சேர், ஞாயிற்றுக்கிழமை எங்கடை ஊரிலை வண்டிற் சவாரி. எங்கடை சோடியும் ஓடுது. அப்பப்பா உங்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவர்" என்றான்.

அவனுடைய ஊர் கிளிநொச்சிக்குக் கிழக்கேயுள்ள வட்டக்கச்சி. யாழ்ப்பாணத்திலே உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறான். ஆங்கிலம் கற்பிக்கும் நமக்கும் மாட்டு வண்டிற் சவாரிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். அதற்கு முந்திய வாரம், பாடத்தை விட்டுச் சற்றே விலகி, அமெரிக்காவில் ஓடிப் பெயர்பெற்ற ஒரு பெட்டைக் குதிரையின் கதையை வகுப்பிலே சொல்லியிருந்தோம். பையன் அதைத் தொலைபேசியிலே தன் பாட்டனாரிடம் ஒப்புவித்திருக்கிறான். பாதிக் கதை அவனுக்கு மறந்துபோயிற்றாம். "மிச்சத்தை வாத்தியாற்றை வாயாலை கேக்க வேணும்" என்பது கிழவரின் கட்டளை. இப்படியோர் அழைப்பு ஆசிரியத் தொழிலில் அடிக்கடி கிடைப்பதில்லை, உடனே ஒப்புக்கொண்டோம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணத்திற் பஸ் ஏறினோம். பங்குனி மாதம், வெயில் ஏறுமுன் பயணம் செய்வதே புத்தி. சாவகச்சேரி, கொடிகாமம் வரையும் தென்னையும் மாவும் நிழல் செய்யும் கண்டி வீதி, எழுதுமட்டுவாளைத் தாண்டியதும் வேறு முகம் காட்டத் தொடங்குகிறது. முகமாலைப் பக்கத்திலே வட்டிழந்த பனைகள் வெறுந்தூண்களாய் நின்றதை முன்னைய பயணங்களிற் பலமுறை பார்த்திருக்கிறோம். போர் முடிந்து பல்லாண்டு கழிந்த பின்னும் அப்பகுதியில் நிலத்தைத் தடவித் தடவிக் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஆசனத்தில் இருந்த மூதாட்டி ஒருவர், பளையிலே கச்சான் வாங்கி, நாம் யார் எவர் என்று கேளாமலே ஒரு பிடியை நம் கையில் வைத்தார். அதன் பின்னரே "தம்பி எவடம்?" என்று விசாரணை ஆரம்பமாயிற்று. பரந்தனில் அவர் இறங்கும்போது நம் குடும்ப வரலாறு முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இயக்கச்சிக்கு அப்பால் இருபுறமும் நீர் விரியும் இடம் ஆனையிறவு. பெயரிலேயே வரலாறு இருக்கிறது. வன்னிக் காடுகளிலே பிடிக்கப்பட்ட யானைகளை இவ்வழியாலேதான் குடாநாட்டுக்குள் இறக்கி, ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். வன்னியச் சிற்றரசர் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்ததும் யானையே. கடலுக்குள்ளே கிடக்கும் நெடுந்தீவிலோ அவ்வந்நியர் குதிரை வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றைக்கும் அத்தீவின் வெளிகளிலே கட்டாக்காலியாய்த் திரிகின்றன. ஆகவே நம் வடபுலத்தில் யானைக்கு வன்னி, குதிரைக்கு நெடுந்தீவு. மாட்டுக்கு எந்த ஊரும் தனியுரிமை கொண்டாட முடியாது.

கிளிநொச்சியில் மாணவன் தன் மாமனாரின் முச்சக்கர வண்டியோடு காத்திருந்தான். பட்டினத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. 2009 ஜனவரியில் ஓரோசையுமின்றிக் கிடந்த நகரம் அது என்பதை, அதன் இன்றைய கடைத்தெருவின் இரைச்சலைக் கேட்பவர் நம்புவது கடினம். 2013 புரட்டாதியில் புகையிரதம் மீண்டும் அந்நிலையத்துக்கு வந்தபோது கூடிய கூட்டத்தில் நாமும் ஒருவராய் நின்றோம் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டு வாய்க்கால் வழியே கிழக்கே செல்வோம்.

அந்த வாய்க்கால்களுக்குத் தாய் இரணைமடுக் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1902ஆம் ஆண்டு கட்டத் தொடங்கி 1920ஆம் ஆண்டு முடித்தார்கள். பின்னரும் பலமுறை அணையை உயர்த்தினார்கள். குளம் வந்த பின்னரே குடியேற்றம் வந்தது. குடாநாட்டிலே பரப்புக் கணக்கிற் காணி வைத்து, கிணற்று நீரிறைத்துப் புகையிலை நட்ட குடும்பங்கள், ஏக்கர்க் கணக்கில் வயல் கிடைக்குமென்று முப்பதுகளிலிருந்து இங்கே வந்தன. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டவர்களும் வன்னியிலே வந்து காடு வெட்டிக் குடியமர்ந்தனர். வந்தவர்கள் எல்லாரும் தத்தம் தெய்வத்தையும் சமையலையும் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணத்தார் கூடவே கொண்டுவந்த ஒன்று சவாரிப் பைத்தியம். நம் மாணவனின் பாட்டனாருடைய தந்தையார் ஐம்பதுகளிலே வடமராட்சியிலிருந்து புறப்பட்டபோது, ஒரு திருக்கல் வண்டிலில் சட்டி பெட்டிகளை ஏற்றி, அதற்கு முன்னே பூட்டியிருந்த சவாரிச் சோடியைத் தானே நடத்திக்கொண்டு வந்தாராம். சட்டி உடைந்தாலும் பரவாயில்லை, மாடு களைக்கக்கூடாதென்று பாதி வழியைத் தாம் நடந்தே கடந்தாராம். இதை வீட்டுப் பெண்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

காலபோக அறுவடை முடிந்து வயல்கள் ஒட்டோடு கிடந்தன. அறுத்தது இயந்திரம், உழுதது இயந்திரம், நெல்மூட்டையை ஏற்றிப் போவதும் 'லாண்ட்மாஸ்டர்'. ஏரிலும் இல்லை, பாரவண்டிலிலும் இல்லை என்று ஆகிவிட்ட எருது, சவாரித் திடலில் மட்டும் அரசனாய் இருக்கிறது. உழைப்புக்காக வளர்த்த காலத்தில் ஆசைக்கு ஓடவிட்டார்கள். இப்போது ஆசைக்காகவே வளர்க்கிறார்கள்.

திடலை அடையும்போது மணி ஒன்பது இருக்கும். நீண்டு நேராய்க் கிடக்கும் செம்மண் ஓடுபாதை; இருமருங்கும் கயிறு கட்டியிருந்தது. பாதையின் முடிவிலே வெள்ளைக் கொடியோடு நடுவர்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் மூச்சுவிடாமற் பேசிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று பல பக்கத்திலிருந்தும் சோடிகள் வந்திருந்தன. முற்காலத்தில் மாடுகளை இரவிரவாக நடத்தி வருவார்களாம். இப்போது அவை லொறியிலே வைக்கோல் மெத்தைமேல் நின்று பிரயாணம் செய்கின்றன. மரநிழலிலே ஒவ்வொரு சோடியும் கட்டியிருந்த விதத்தைப் பார்க்கவே போதும். கொம்பு சீவி, நெற்றியிலே விபூதி பூசி, கழுத்திலே வேப்பிலை கட்டி, அயலார் கண்படாதபடி சாக்குத் திரை மறைத்து வைத்திருந்தார்கள். மாட்டுக்குப் பக்கத்திலே பாயிற் படுத்திருந்தவர் அதன் சொந்தக்காரர். கல்யாண வீட்டுத் தகப்பனுக்குக் கூட அத்தனை கவலை இருக்காது.

சவாரி பார்த்தறியாத மாணவர்களுக்காகச் சிறிது விளக்குவோம். நுகத்தின் இடப்புறம் நிற்பது இடத்தன். வலப்புறம் நிற்பது வலத்தன். ஒன்று தனியே எவ்வளவு விரைந்து ஓடினாலும் பயனில்லை. மற்றதன் கால்நடைக்குத் தன் நடையைப் பொருத்தத் தெரிய வேண்டும். அப்பொருத்தம் வாய்க்கும்வரை ஆண்டுக்கணக்கிற் சோடி மாற்றிச் சோடி மாற்றிப் பார்க்கிறார்கள். ஒன்றை விற்கிறார்கள், ஒன்றை வாங்குகிறார்கள். மாப்பிள்ளை பார்ப்பதுபோல ஊரூராய் அலைகிறார்கள். சோடிகளை அவற்றின் முன்னைய வெற்றிகளைக் கொண்டு ஏ, பி, சி என்று வகுப்பாய்ப் பிரிக்கிறார்கள். அன்றைய திடலிலே ஒரு தடவைக்கு இரண்டு வண்டில்களே விடப்பட்டன. வென்றது நிற்கும், தோற்றது வீட்டுக்குப் போகும். இப்படியே குறைந்து குறைந்து மாலையில் இரண்டு சோடி மிஞ்சும். ஓட்டம் தொடங்கி முடிவதற்குள் கண்ணை இரண்டு தரம் இமைத்தால் பாதியைக் காணமாட்டீர்கள். புழுதி ஒரு மதிலாய் எழும். அதற்குள்ளே நான்கு எருதும் எட்டுக் கொம்பும் ஒரு கூச்சலும் கடந்து போகும். அவ்வளவுதான்.

இதன் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். துவரங் கேட்டியால் அடிப்பதோடு நில்லாமல், கேட்டி நுனியில் ஆணி பதித்துக் குத்தும் வழக்கம் இவ்விளையாட்டிலே உண்டு. இரத்தம் வழியும் தொடையோடு பரிசு வாங்க வந்த சோடியை நாம் சிறு வயதிலே கண்டு, அன்றிரவு சாப்பிடாமற் படுத்ததும் உண்டு. மிருகவதையைத் தடுக்க 1907ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிற் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. திடலுக்கு அது எட்டியது குறைவு. தமிழகத்திலே சல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் இந்திய உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு தடைசெய்ததும், 2017ஆம் ஆண்டு இளைஞர் மெரினாவிலே திரண்டதன் பின் சட்டம் திருத்தப்பட்டதும், அத்திருத்தம் செல்லுமென 2023ஆம் ஆண்டு அதே நீதிமன்றம் கூறியதும் வாசகர் அறிந்தவை. தடைசெய்வதா, ஒழுங்குசெய்வதா என்ற வழக்கிலே நம் மனம் இன்னும் ஒருபக்கம் சாயவில்லை. அன்றைய சவாரியை நடத்தியவர்கள் ஒவ்வொரு கேட்டியையும் வாங்கி நுனியைத் தடவிப் பார்த்தே திருப்பிக் கொடுத்தார்கள் என்பதை மட்டும் பாராட்டி எழுதுகிறோம்.

நிற்க. புளியமரத்தடியிலே நம்மை எதிர்கொண்ட பாட்டனாருக்கு எழுபத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு; உச்சியிலே சிறு குடுமி. நம்மைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ மாஸ்டர், இருங்கோ. கதையைப் பிறகு கேப்பம். முதல் இவையைப் பாருங்கோ" என்று தம் எருதுகளைக் காட்டினார். இரண்டும் வெள்ளை. நெற்றியிலே சாம்பற் சுட்டி உள்ளது வலத்தன், பெயர் சுட்டியன். இடத்தனுக்கு மயிலன் என்று பெயர். ஓட்டுபவன் நம் மாணவனின் தமையன், இருபத்து நான்கு வயதுக் காளை. முதற் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் அவர்கள் சோடி இலகுவாய் வென்றது.

நண்பகல் இடைவேளையிலே கஞ்சியும் கருவாட்டுச் சம்பலும் வந்தன. நாம் சைவம் என்பதறிந்து தனியே மாங்காய்ச் சம்பல் அரைத்திருந்தார்கள். பாட்டனார் கஞ்சியைக் குடித்துக்கொண்டே பழைய சோடி ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"2008 மார்கழியிலை வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டனாங்கள், மாஸ்டர். சாமான் முழுக்க உழவு இயந்திரத்திலை. மாட்டை மட்டும் நான் நடத்திக்கொண்டு போனன். தருமபுரம், பிறகு விசுவமடு. அங்கை சனத்துக்கே நிக்க இடமில்லை, வைக்கலுக்கு எங்கை போறது? பட்டிப்பொங்கல் அண்டைக்குக் காலமை ரண்டு பேரையும் குளிப்பாட்டினன். பொட்டு வைச்சன். பிறகு மூக்கணாங் கயிறையும் அறுத்துப்போட்டு, போங்கோடா எண்டு விட்டனான். போகேல்லை. கொஞ்சத் தூரம் பின்னாலை வந்தவை. செல் விழுந்த பிறகுதான் ஓடினவை."

2009ஆம் ஆண்டுத் தைப் பட்டிப்பொங்கல் அது. அதன் பின் குடும்பம் முள்ளிவாய்க்கால் வரை போயிற்று. அங்கே ஒரு மகளை இழந்தது. வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கூடாரத்தில் வாழ்ந்தது. அடுத்த ஆண்டு மீள்குடியேற்றத்தில் ஊர் திரும்பியது. இவற்றை அவர் இரண்டே வசனத்திற் சொல்லி முடித்தார். மாட்டைத் தேடிய கதைக்குத்தான் அரைமணி நேரம் சென்றது. உரியவரில்லாத மாடுகள் அப்போது வன்னி முழுவதும் மந்தை மந்தையாய்த் திரிந்தன. இரண்டு மாதம் காட்டோரமெல்லாம் அலைந்து, கல்மடுப் பக்கத்தில் ஒரு மந்தையின் நடுவே தம் குறி சுட்ட வலத்தனைக் கண்டாராம். பெயர் சொல்லிக் கூப்பிட, காதை மட்டும் அசைத்ததாம், கிட்ட வரவில்லையாம். இடத்தன் அகப்படவே இல்லை.

"அந்த வலத்தனைத் திரும்ப ஓடவிட்டனீங்களோ?" என்று கேட்டோம்.

"இல்லை. பிறகு நான் அவனை நுகத்திலை வைக்கேல்லை. சும்மா நிண்டு திண்டவன். 2018இலை செத்தவன். வேலியோரம் வேம்புக்குக் கீழை தாட்டிருக்கு, பின்னேரம் காட்டுறன்."

மூன்றாம் சுற்று நாலு மணியளவில் நடந்தது. எதிர்ச் சோடி குடாநாட்டுப் பக்கத்துப் பேர்போன சோடி. கடைசிவரை கொம்புக்குக் கொம்பு நின்று, ஒரு முழ வித்தியாசத்தில் நம் சோடி வென்றது. ஒலிபெருக்கி அலறியது. தமையன் வண்டிலிலிருந்து குதித்து மயிலனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். நாமும், கல்லூரி ஆசிரியர் என்ற நிலையை மறந்து, பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோளைத் தட்டிக் கூவியதை ஒப்புக்கொள்கிறோம். இனி ஒரேயொரு ஓட்டம். வென்றால் ஏ வகுப்பின் முதற் பரிசு.

பாட்டனார் மட்டும் கூவவில்லை. சோடி நிழலுக்குத் திரும்பி நடந்து வரும்போது அவர் மயிலனின் பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு குந்தியிருந்து இடது பின்னங்காலின் மூட்டை உள்ளங்கையாற் பொத்திப் பிடித்தார். ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். மற்றக் காலையும் பிடித்துப் பார்த்தார். மறுபடி முதற் காலுக்கு வந்தார்.

"சுடுகுது. அவிழடா."

"என்னப்பப்பா? நொண்டேல்லையே?"

"நாளைக்கு நொண்டும். அவிழ்."

அதன் பின் நடந்தது மகிழ்ச்சியான காட்சியன்று. பேரன் கெஞ்சினான், பின்பு கோபித்தான். நாலைந்து மாதம் விடியற்புறத்தில் எழுந்து பழக்கிய உழைப்பு அவனுடையது. அயலவர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் காலை அமர்த்திப் பார்த்து ஒன்றுமில்லையென்றார். இன்னொருவர், ஊர் மானம் போகிறதென்றார். திரைமறைவிலே பந்தயம் கட்டியவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய குரலிலே ஊர்ப்பற்று சற்று அதிகமாய் ஒலித்தது. கிழவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தாமே நுகத்தின் கயிற்றைத் தளர்த்தி, மயிலனை மெல்ல நடத்தி லொறிக்குக் கொண்டுபோனார். இறுதியோட்டத்திலே எதிர்ச் சோடி தனியே ஓடிக் கொடியைக் கடந்து கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டது. கைதட்டல் அரைமனதாய் எழுந்தது.

அன்றிரவு வட்டக்கச்சியிலேயே தங்கினோம். முற்றத்திலே கயிற்றுக் கட்டில் போட்டார்கள். தமையன் ஒருவரோடும் பேசாமல், நொச்சியிலை போட்டு அவித்த வெந்நீரைத் துணியிலே தோய்த்து மயிலனின் காலுக்கு ஒற்றிக்கொண்டிருந்தான். மாலையில் வந்து பார்த்த மிருக வைத்தியர், மூட்டுக்குள்ளே வீக்கம் தொடங்கியிருக்கிறது, மூன்று மாதமாவது நுகம் வைக்கக்கூடாதென்று சொல்லிப் போயிருந்தார். பாட்டனார் வெற்றிலையை மடித்து வாயிலிட்டு, "இப்ப சொல்லுங்கோ மாஸ்டர், அந்தக் குதிரை" என்றார்.

குதிரைப் பந்தயக் கதைகள் நமக்கு நம் பேரனார் வழியாய் வந்தவை. அவர் கொழும்பிலே எழுதுவினைஞராயிருந்த காலத்தில், கறுவாத் தோட்டத்திலே 1893ஆம் ஆண்டு தொடங்கிய பந்தயத் திடலிற் சம்பளத்தின் ஒரு பகுதியை ஒழுங்காக விட்டு வந்தவர். 1942இல் யப்பானியர் குண்டு போட வந்தபோது அத்திடலையே விமானத் தளமாக்கியிருந்தார்கள் என்று பெருமையாய்ச் சொல்வார். அவர் ஓய்வு பெறுமுன்னரே அங்கே குதிரை ஓடுவது நின்றுவிட்டது. நுவரெலியாவில் மட்டும் சித்திரையிலே இன்றும் ஓடுகின்றன. அவர் வைத்துவிட்டுப் போன பழைய சஞ்சிகைக் கட்டுகளிலேதான் 'ரஃபியன்' என்ற பெயரை முதன்முதலிற் கண்டோம். அச்சொல்லுக்குப் போக்கிரி என்று பொருள் கூறலாம்.

முதலில் 'தரோபிரெட்' என்ற இனத்தைப் பற்றிச் சொன்னோம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் கீழைத் தேசத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன மூன்று பொலிக்குதிரைகளே அவ்வினம் முழுவதற்கும் ஆண்வழி மூதாதைகள் என்றும், 1791ஆம் ஆண்டு தொட்டு அவற்றின் வமிசத்தைப் புத்தகமாய் அச்சிட்டு வருகிறார்கள் என்றும் கூறியபோது, கிழவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எங்களுக்குப் புத்தகம் இல்லை. நான் செத்தால் மயிலன்ரை தாய் ஆரெண்டு சொல்ல ஆளில்லை" என்றார்.

ரஃபியன் 1972ஆம் ஆண்டு சித்திரை மாதம் கென்டக்கி மாநிலத்திலே பிறந்தது. ஏறக்குறையக் கறுப்பு நிறம். இரண்டு வயதில், 1974 மே மாதம், நியூயோர்க்கின் அருகேயுள்ள பெல்மொன்ட் திடலிலே முதன்முறையாய் ஓடியது. பதினைந்து குதிரை நீளம் முன்னே வந்து, அத்திடலின் அத்தூரத்துக்குரிய சாதனைக் காலத்தையும் எட்டிவிட்டது. அவ்வாண்டு ஓடிய ஐந்திலும் வெற்றி. பின்பு பின்னங்காலிலே மயிரிழை போன்ற ஒரு வெடிப்புக் கண்டார்கள். அவ்வாண்டு முடியும் வரைக்கும், அடுத்த ஆண்டு இளவேனில் வரைக்கும் அதை ஓடவிடவில்லை.

"நல்லாய்ப் பாத்திருக்கிறாங்கள்," என்றார் பாட்டனார்.

1975இலே திரும்ப வந்து மீண்டும் ஐந்து வெற்றி. அவற்றுள் மூன்று, நியூயோர்க்கிலே பெட்டைக் குதிரைகளுக்கென்று வைத்த மூன்று பெரும் பந்தயங்கள். பத்து ஓட்டத்திலும் நேரம் குறிக்கும் எந்த இடத்திலேனும் ஒரு குதிரையாவது ரஃபியனுக்கு முன்னே இருந்ததில்லை. வேறொரு குதிரையின் வாலை அது பார்த்ததேயில்லை என்று நாம் சொன்னதும், இருட்டிலே துணி தோய்க்கும் ஓசை நின்றது. பேரன் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருடத்துக் கென்டக்கி டேர்பியை வென்ற ஆண் குதிரை பூலிஷ் பிளெஷர். பெண் பெரிதா, ஆண் பெரிதா என்று நாடே விவாதித்தது. இரண்டையும் மட்டும் எதிரெதிரே ஓடவிடுவதென்று முடிவாயிற்று. 1975 யூலை 6, அதே பெல்மொன்ட் திடல், ஒன்றேகால் மைல். ஐம்பதினாயிரம் பேர் நேரிலும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் தொலைக்காட்சியிலும் பார்த்தார்கள். இரண்டு குதிரைகளையும் வழக்கமாய் ஓட்டி வந்தவர் ஒருவரே, ஜசின்டோ வாஸ்கெஸ் என்பவர். எதை ஓட்டப்போகிறாய் என்று கேட்டபோது அவர் ரஃபியனைத் தெரிந்துகொண்டார்.

"ரண்டு பேர் ஓட்டம்," என்றார் கிழவர். "எங்கடை மாதிரி."

"ஓம் ஐயா. முதற் கால் மைல் வரையும் தலைக்குத் தலை. பிறகு ரஃபியன் சற்றே முந்தத் தொடங்கியது. அப்போதுதான் பலகை முறிந்தாற்போல ஒரு சத்தம் கேட்டதென்று வாஸ்கெஸ் சொல்லியிருக்கிறார். முன்னங்காலின் எலும்பு. அவர் கடிவாளத்தை இழுத்திருக்கிறார். அது நிற்கவில்லை. மற்றக் குதிரையை விடமாட்டேன் என்று அந்தக் காலாலேயே ஓடப் பார்த்தது."

கிழவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நிக்காது, மாஸ்டர்" என்றார். "கனபேர் ஓடேக்கை விட்டுக் குடுக்கும். பக்கத்திலை ஒண்டே ஒண்டு ஓடினால் விடாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த மற்றதுதான்."

அன்றிரவே சத்திரசிகிச்சை செய்தார்கள். மயக்கம் தெளிந்து எழுந்த குதிரை, இன்னும் பந்தயத்தில் ஓடுவதாய் எண்ணியதுபோலக் காலை உதைத்து உதைத்து, கட்டையும் உடைத்து, புதிய காயமும் செய்துகொண்டது. யூலை 7 விடியுமுன் மருத்துவர்கள் அதற்கு ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். ஓடிய திடலின் நடுவிலே கொடிமரத்தடியில், முகம் பந்தய முடிவிடத்தைப் பார்க்கும்படி புதைத்தார்கள். திடலைப் புதிதாய்க் கட்டும்போது, 2023ஆம் ஆண்டு, எச்சத்தை எடுத்துப் பிறந்த பண்ணைக்கே கொண்டுபோனார்கள்.

"ஊருக்குக் கொண்டு வந்திட்டாங்கள்," என்றார் அவர். வேலியோரத்து வேம்பின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பின்பு, "மற்றக் குதிரை?" என்று கேட்டார்.

"தனிய ஓடி முடித்தது. வென்றதென்று எழுதினார்கள்."

"இண்டைக்கும் அப்பிடித்தான்."

அப்போதுதான் தமையன் எழுந்து வந்தான். திடலிலே கயிற்றை அவிழ்த்தது முதல் அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. முற்றத்து வெளிச்சத்தின் விளிம்பிலே நின்று, "சேர், முதல் வருசம் பின்னங்காலிலை வெடிச்சதெண்டு சொன்னீங்களெல்லோ. அதுக்கு எத்தினை மாதம் விட்டவங்கள்?" என்றான்.

"ஏழெட்டு மாதம் இருக்கும்."

அவன் தலையசைத்தான். பாட்டனாரைப் பார்க்கவில்லை. அண்டாவிலே கையை வைத்துப் பார்த்து, "ஆறிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு, வெந்நீர் வைக்க அடுப்பை மறுபடி மூட்டினான்.